ஒரு மூலை உரிந்த பெட்டி

வெனீர் என்றாலே ஏமாற்று வேலை என்று எனக்கு முதன்முதலில் சொன்னது என் நாத்தனார் ரத்தினபாய். பதினோரு வருஷத்துக்கு முன்னால், பெருமாள்புரத்தில் அவள் மகன் வீட்டுப் பால்காய்ப்பு அன்றைக்கு. புது பீரோவைத் தடவித் தடவிக் காட்டிக்கொண்டிருந்தவள், மருமகள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் என் காதுக்குள், "மதினி, ஈட்டி மரம்னு நினைச்சிராதீங்க. மேல இருக்கிறது வெங்காயத் தோல் மாதிரி ஒரு தாள். உள்ள ஒண்ணுக்கும் ஆகாத பலகை. இதுக்குப் பேருதான் வெனீராம்" என்றாள். அன்றைக்கே மனதில் முடிந்துவைத்தேன். மரத்தில் இருந்தால் மனுஷரிலும் இருக்கும், நாம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று.

நீங்கள் கேட்டது இந்தப் பெட்டியைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். இத்தனை பளபளப்பான பெட்டியில் ஒரு மூலை மட்டும் ஏன் தோல் உரிந்து கிடக்கிறது என்றுதானே கேட்டீர்கள்? உரிந்து கிடக்கவில்லை அம்மா. உரித்தது. நான்தான் உரிக்க வைத்தேன். பஸ் இன்னும் மூலைக்கரைப்பட்டியே தாண்டவில்லை. திசையன்விளை போய்ச் சேருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் குறை சொல்லுகிறவள் இல்லை. எட்டாம் வகுப்புதான் படித்தேன், ஆனாலும் நாவை அடக்கப் படித்திருக்கிறேன். ஒருவரிடத்தில் குறை கண்டால் பெயரைச் சொல்லி ஜெபிப்பேன், அவ்வளவுதான். இந்தப் பெட்டியைச் செய்தவனுக்காக ஒரு வருஷமாக ஜெபிக்கிறேன். விடிகாலையிலும் ஜெபிக்கிறேன், சோறு வடிக்கிறபோதும் ஜெபிக்கிறேன். அவ்வளவு குறை.

பெயர் தீமோத்தேயு. மர ஆசாரி. என் மகளைக் கட்டப்போகிறவன். எப்போது என்றால், இன்றைக்கு. பத்தரை மணிக்கு, திசையன்விளை வேதக்கோயிலில்.

நீங்கள் என் சேலையைப் பார்ப்பது தெரிகிறது. கலியாணத்துக்குப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இது பழைய பட்டு. மற்றச் சேலையெல்லாம் சலவைக்குப் போயிருக்கிறது. என் பையன்கள் இரண்டு பேரும், மருமக்களும், ரத்தினபாயும் காலையிலேயே வேன் பிடித்துப் போய்விட்டார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான். இப்போது போவது இந்தப் பெட்டியை அவன் கையில் திருப்பிக் கொடுக்க. கொடுத்துவிட்டு ஒரு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

உள்ளே என்ன என்றா? என் வீட்டுக்காரருடைய வேதப் புத்தகம். அதைப் பையில் போட்டால் முனை மடங்கிவிடும், அதனால் பெட்டிக்குள் வைத்தேன். வேறொன்றும் இல்லை.

என் மகள் ஹெப்சிபா கணக்கு டீச்சர். எம்.எஸ்சி., பி.எட். முப்பத்திமூன்று வயசு. அவள் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு ரிப்பேர் பார்க்க வந்தவன் இவன். வந்தவன் வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போகவேண்டாமா? ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "டீச்சர், எட்டுக்கு ஒண்ணு சாய்வுன்னா எத்தனை டிகிரி வரும்?" என்று கேட்டானாம். இவள் கணக்குப் போட்டு ஏழு டிகிரியும் கொஞ்சமும் என்று சொன்னாளாம். மறுநாள் "ஆறுக்கு ஒண்ணுன்னா?" என்று வந்தானாம். இதுதான் இவர்கள் காதல். ஆறுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று. எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? ஒரு பூவுண்டா, ஒரு நல்ல வார்த்தையுண்டா?

துணி காயப்போடுகிற இடத்தில்தான் என்னிடம் சொன்னாள். "அம்மா, நான் ஒருத்தரைக் கட்டிக்கிடப் போறேன்."

"என்ன வேலை?"

"மர வேலை."

"மர டிப்போவில மேனேஜரா?"

"இல்லம்மா. மரத்துல வேலை."

கையில் இருந்த ஈரத் துண்டை அப்படியே வாளியில் போட்டுவிட்டேன். கோபமில்லை. கை வழுக்கிவிட்டது.

எங்கள் குருவானவர் ஐயா வீட்டுக்கு வந்து புத்தி சொன்னார். "கிருபையம்மா, நம்ம ஆண்டவரே தச்சர்தானே" என்றார். "ஆமாங்கய்யா. அவர் பொண்ணு கேட்டு வரலியே" என்றேன். ஐயா காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷர்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கலியாணத்தன்று கோயில் வாசலில், உள்ளே போவதற்கு முன்னால், தகப்பன் தன் வேதப் புத்தகத்தை மகள் கையில் கொடுப்பார். பெட்டியோடு கொடுப்பார். என் மாமனார் ரத்தினபாய்க்கு அப்படித்தான் கொடுத்தார். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இனி கொடுக்கவேண்டியவள் நான். அவர் வைத்திருந்த தகரப் பெட்டி அடியில் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. அதனால் ஹெப்சியிடம் சொன்னேன்: "பெரிய ஆசாரிதானே, அப்பா புத்தகத்துக்கு ஒரு பெட்டி செய்யட்டும் பாப்போம். கடையில வாங்கிட்டு வந்து நான் செஞ்சேன்பான். அதனால இங்க வந்து, என் கண்ணு முன்னால செய்யணும்."

வரமாட்டான் என்று நினைத்துத்தான் சொன்னேன். சனிக்கிழமை மத்தியானம் மொபெட்டில் சாக்குமூட்டையோடு வந்து நின்றான்.

ஆறு சனிக்கிழமை வந்தான் அம்மா. பின்கட்டில் கொய்யா மரத்தடியில் ஒரு பலகையை மேசைபோல் போட்டுக்கொண்டான். நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்திருந்தேன். கண் எரிந்தாலும் பார்வையை எடுக்கவில்லை.

வந்ததும் அளவெடுக்கவேண்டும், புத்தகத்தைக் கொடுங்கள் என்றான். கொடுக்கும் முன்னால் அதற்குள் இருந்த காகிதங்களை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். ரகசியமில்லை, உங்களிடம் சொன்னால் என்ன? ஹெப்சிக்கு வந்த மாப்பிள்ளைகளின் பயோடேட்டா. பதினாலு. ஒவ்வொன்று வரும்போதும் புத்தகத்துக்குள் வைத்து, மூன்று நாள் உபவாசமிருந்து, கர்த்தருடைய சித்தத்தைக் கேட்பேன். நான் ஒருவரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர்தான் சொன்னார். பாங்க் ஆபீசர் ஒருவன், நல்ல பையன்; அவன் அம்மா எங்கள் வீட்டு முறுக்கைக் கடித்துவிட்டு மிச்சத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். கர்த்தர் அப்போதே காட்டிவிட்டார். டாக்டர் ஒருவன், சிரித்தால் ஈறு தெரியும். இன்னொருவன் பயோடேட்டாவில் தன் உயரத்தை இரண்டு தடவை எழுதியிருந்தான், இரண்டும் வேறு வேறு. இப்படியே பதினாலும். ஆனாலும் காகிதங்களைத் தூரப் போடவில்லை. ஜெபித்த காகிதம், எப்படிப் போடுவது? வந்தவர்கள் கலியாணமாகிப் பிள்ளை பெற்றுவிட்டார்கள், அது வேறு.

முதல் சனிக்கிழமை முழுக்க இழைப்புளி வைத்து இழைத்தான். நாலு பலகை, அடிக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று. இதற்கு ஒரு மத்தியானம். இழைப்பதும், கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பதும், மறுபடி இழைப்பதும். பின்கட்டு பூரா சீவல் சுருள். யார் பெருக்குவது என்று கேட்கவில்லை. போகும்போது அவனே பெருக்கிவிட்டுப் போனான். ஓரத்தில் கொஞ்சம் விட்டுப் போனான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் வாரம் கோடு போட்டான். எதால் என்று நினைக்கிறீர்கள்? கத்தியால். "பென்சில் வாங்கக்கூட வழியில்லையா?" என்று கேட்டேன். "பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டும்மா" என்றான். கோட்டுக்குத் தடிமனாம்! முப்பது வருஷமாக ரவிக்கைக்குச் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுகிறேன், எல்லோருக்கும் பொருந்தத்தான் செய்கிறது.

மூன்றாம் வாரம் பலகையின் நுனியில் பல் வெட்டினான். இந்த மூலையைப் பாருங்கள், அப்போது புரியும். புறா வாலை விரித்தாற்போல, அடி குறுகி நுனி அகன்று, ஒரு பலகையில் ஏழு பல், சாய்வு எட்டுக்கு ஒன்றாம். மற்ற பலகையில் அதற்குச் சரியாக ஏழு இடம். ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிட்டால் முன்னால் இழுத்தால் வராது. உளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு தட்டு, ஊதுவான். ஒரு தட்டு, ஊதுவான். எனக்குப் பொறுக்கவில்லை. "மூலைக்கு நாலு ஆணி அடிச்சா அஞ்சு நிமிஷம். எதுக்குய்யா இந்தப் பாடு?"

"ஆணி துருப்பிடிக்கும்மா. பல்லு துருப்பிடிக்காது" என்றான்.

என் தகரப் பெட்டியைக் குத்திக் காட்டுகிறான். எவ்வளவு திமிர் பாருங்கள். அதுவும் மரியாதையாக.

நாலாம் வாரம் பூட்டிப் பார்த்தான். மூன்று மூலை இறங்கியது. நாலாவதில் ஒரு நூல் இடைவெளி. நூல் என்றால் நூல்தான், தையல் நூல். அதற்காக அந்தப் பலகையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேறு பலகை எடுத்து முதலில் இருந்து இழைக்கத் தொடங்கினான். "மேல வெனீர் ஒட்டத்தானே போற? யாரு பாக்கப் போறா?" என்றேன். அவன் இழைத்துக்கொண்டே இருந்தான். ஹெப்சி துணி மடித்துக்கொண்டே, "அவர் பாத்துட்டார்லா" என்றாள். இப்படித்தான் பேசுவாள் இப்போதெல்லாம். எட்டுக்கு ஒன்று.

டீ கொடுத்தேனா என்றா? ஏன் கொடுக்காமல்? நான் கிறிஸ்தவள். வேலைக்கு வருகிறவர்களுக்கென்று விளிம்பு உடைந்த பீங்கான் கப் ஒன்று உண்டு, அதில் கொடுத்தேன். கடைசி வாரம் மட்டும் என் வீட்டுக்காரருடைய டம்ளரில் கொடுக்கும்படி ஆகிவிட்டது. பீங்கான் கப் கழுவாமல் கிடந்தது.

ஐந்தாம் சனிக்கிழமைதான் விஷயம். அன்றைக்குப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். நான் பொருளாளர், போகாமல் இருக்க முடியாது. அந்த ஒரு நாள் பார்த்து இவன் வெனீர் ஒட்டிவிட்டான். திரும்பி வந்து பார்க்கிறேன், கொய்யா மரத்தடியில் மண்ணெண்ணெய் ஸ்டவ், அதில் வெந்நீர்ச் சட்டிக்குள் ஒரு சின்னச் சட்டி, வச்சிரம் கொதிக்கிறது. மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை, நாற்றம் தெரு வரைக்கும் வீசுகிறது. பெட்டி காகிதம் சுற்றிக் கிடக்கிறது. அதன் மேல் என்ன என்று நினைக்கிறீர்கள்? என் அம்மிக்கல்! என்னைக் கேட்கவில்லை, கொள்ளவில்லை. "பாரம் வேணும்மா, விடியிற வரைக்கும் எடுத்துராதீங்க" என்கிறான். அன்றைக்கு மிக்ஸியில்தான் சட்னி அரைத்தேன்.

மறுவாரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெருகு எண்ணெய் ஏற்றிக் கொடுத்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். மூடியைப் பாருங்களேன். ஈட்டி மரத்தின் ஒரே துண்டில் சீவின இரண்டு தாள், புத்தகத்தை விரித்தாற்போல எதிரும் புதிருமாக வைத்திருக்கிறான். இந்தப் பக்கத்து ரேகை அந்தப் பக்கத்திலும் அப்படியே வருகிறது. ஓரத்தில் மஞ்சக்கடம்பில் ஒரு கோடு. ரத்தினபாய் மகன் வீட்டு பீரோகூடப் பளபளத்தது, நான் மறக்கவில்லை. நான் இல்லாத அந்த ஒரு சனிக்கிழமை, தோலை ஒட்டுகிற அவசரத்தில் ஆணி அடித்திருக்கமாட்டான் என்று யார் கண்டது? அடித்து மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்?

அவன் போனதும் பிரிட்ஜில் வசனத் தாள் மாட்டியிருக்கிற காந்தத்தை எடுத்துவந்து பெட்டி முழுக்க இழுத்துப் பார்த்தேன். நாலு பக்கமும், நாலு மூலையும். ஒரு இடத்தில் ஒட்டியது. பூட்டு இருக்கிற இடம்தான். ஆனாலும் ஒட்டினது ஒட்டினதுதானே.

அப்புறம் காகிதங்களைப் பழையபடி புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். மூடவில்லை! ஒரு விரல் அளவு தூக்கிக்கொண்டு நிற்கிறது. கோட்டுக்குத் தடிமன் பார்க்கிற ஆசாரிக்குப் புத்தகத்தின் தடிமன் தெரியவில்லை. அடுத்தமுறை வந்தபோது காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். பொன் விளிம்புப் பக்கங்களுக்கு நடுவே வெள்ளைக் காகிதம் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். "புத்தகம் பெருத்திருக்கும்மா" என்றான்.

"புத்தகம் எப்படிய்யா பெருக்கும்? பிள்ளைத்தாய்ச்சியா அது?"

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். ஹெப்சிதான் அடுப்படியிலிருந்து, "அதுக்குள்ள பதினாலு பேரு படுத்திருக்காங்கள்லா. கர்த்தருக்கு எங்கம்மா இடம்?" என்றாள்.

பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா இது? அளவெடுக்கும்போது காகிதத்தை நான்தான் எடுத்து வைத்திருந்தேன், வாஸ்தவம். நல்ல தச்சன் என்றால் எடுத்து வைத்திருப்பார்கள் என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டாமா?

அப்புறம் கார்த்திகை மழை பிடித்தது. ஒரு நாள் பெட்டியைத் துடைக்கும்போது விரலில் என்னவோ தட்டியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மூலைக்கு மூலை வெனீருக்கு மேலே வரிவரியாகத் தடம். தோலுக்கு அடியில் எலும்பு தெரிகிறதே, அதுபோல. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? முழங்கால்போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். வெளிச்சத்துக்கு வராத மறைபொருள் ஒன்றுமில்லை.

கலியாணத் தேதி குறிக்க என் மூத்த பையன் எபி வந்திருந்தான். ரத்தினபாயையும் ஐயாவையும் கூப்பிட்டேன். தீமோத்தேயுவையும் வரச்சொன்னேன். மழையில் நனைந்து வந்தான். எல்லோர் முன்னாலும் பெட்டியை நடு மேசையில் வைத்து, "பாருங்க, வெடிச்சிட்டு. உள்ள இருக்கிற ஆணி தள்ளுது" என்றேன்.

ரத்தினபாய், "நான் அன்னைக்கே சொன்னேன்லா மதினி" என்றாள்.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். முகம் சிறுத்துப் போயிற்று. "என் தப்புதாம்மா" என்றான். ஒத்துக்கொண்டான் பாருங்கள்! "பலகை இன்னும் ரெண்டு மாசம் காயணும். உங்க கையில சீக்கிரம் தந்துரணும்னு அவசரப்பட்டுட்டேன். மரம் அசையுது. அதான் பல்லு மேல தெரியுது."

"பல்லோ, ஆணியோ? யாரு கண்டா?"

"பாத்துரலாம்மா. ஒரு இஸ்திரிப் பெட்டியும் ஈரத் துணியும் தாங்க."

ஹெப்சி கொண்டுவந்து கொடுத்தாள். ஈரத் துணியை மூலையில் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்தான். புஸ்ஸென்று ஆவி. மறுபடியும் அந்த வச்சிர நாற்றம். மெல்லிய கத்தியை அடியில் விட்டு ஒரு நெம்பு நெம்பினான். பால் ஆடையை எடுப்பதுபோலத் தோல் கையோடு வந்துவிட்டது. ஆறு சனிக்கிழமை உழைத்ததைத் தன் கையாலேயே உரிக்கிறான். அழுத்தமான ஆள்.

உள்ளே பல்தான் இருந்தது. ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு. ஆணி இல்லை. எபி அவன் பாட்டுக்குத் தடவிக்கொண்டிருக்கிறான். "இது நம்ம வீட்டு பீரோ மாதிரி இல்லியே மதினி" என்கிறாள் ரத்தினபாய். கட்சி மாறுவதற்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை அவளுக்கு. நான் விடவில்லை. சேலையில் இருந்த ஊக்கை எடுத்து இரண்டு பல்லுக்கு நடுவே குத்திப் பார்த்தேன். நுழையவில்லை, ஊக்குதான் வளைந்தது. மட்டமான ஊக்கு. பஸ் ஸ்டாண்டில் வாங்கினது.

"சரி, இந்த மூலையில இல்ல. மத்த மூணு மூலையில இல்லைன்னு என்ன நிச்சயம்?" என்றேன். நியாயமான கேள்விதானே?

அவன் ஈரத் துணியை மறுபடி எடுத்தான். "உரிச்சிரட்டுமாம்மா?"

ஹெப்சி அவன் கையைப் பிடித்துவிட்டாள். எல்லோர் முன்னாலும், ஐயா முன்னாலும் பிடித்தாள். என்னைப் பார்த்து, "இன்னும் எத்தனை மூலைம்மா வேணும் உனக்கு?" என்றாள். சத்தம் போடவில்லை. சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் தண்ணீர் கேட்பாளே, அந்தக் குரல்.

அடுப்பில் பருப்பு பொங்கியது. நான் உள்ளே போய்விட்டேன்.

போகும்போது அந்தத் தோலை எடுத்து, "ஒட்டித் தந்துர்றேம்மா" என்றான். "வேண்டாம், அப்படியே இருக்கட்டும். யாரு கேட்டாலும் காட்டணும்" என்றேன். காட்டத்தான் செய்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இந்த மூலையைத்தான் முதலில் திருப்பி வைப்பேன். பால்காரரும் பார்த்துவிட்டார், சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். சற்று முன்னால் டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டருக்கும் காட்டினேன். உங்கள் பக்கமும் இந்த மூலையைத்தானே வைத்திருக்கிறேன். தொட்டுப் பாருங்கள், பரவாயில்லை. ஒரு தலைமயிர் நுழையுமா? நுழையாது. நான் பார்த்துவிட்டேன்.

அதற்கப்புறம் கோயிலில் கலியாண ஓலை வாசித்தார்கள், மூன்று ஞாயிறு. ஆட்சேபனை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று ஐயா ஒவ்வொரு தடவையும் நான் இருக்கிற பெஞ்சைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. தெரிவிக்க வேண்டிய இடத்தில் தெரிவித்துக்கொண்டுதானே இருக்கிறேன். ஒரு வருஷமாகப் பதில் வரவில்லை, அவ்வளவுதான். முறுக்குக்கு உடனே பதில் சொன்னவர், டாக்டருடைய ஈறுக்கு உடனே பதில் சொன்னவர், இந்த ஒன்றுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஹெப்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் மருதாணி. "பத்தரை மணிக்கு மணி அடிப்பாங்கம்மா. அதுவரைக்கும் கோயில் வாசல்லயே நிப்பேன். நீ புத்தகத்தைத் தந்தா வாங்கிட்டு உள்ள போவேன். வராட்டா வெறுங்கையோட போவேன்" என்றாள். எழுந்து போகும்போது, "ஆனா போவேன்ம்மா" என்றாள்.

வாசலில் நிற்பாளாம். இந்த வெயிலில், பட்டுச் சேலையில், ஊர் பார்க்க. அவளுக்கு வெயில் சேராது. இவனுக்கு அது தெரியுமா? எட்டுக்கு ஒன்று தெரியும்.

மணி என்ன அம்மா? பத்தாகப் போகிறதா? இட்டமொழி தாண்டியாயிற்று, இனி நேரே போய்விடுவான். இந்த டிரைவர் ஏன் இப்படி ஒவ்வொரு விலக்கு ரோட்டிலும் நிறுத்துகிறான்? நாலு பேர் அவசரமாகப் போகிறவர்கள் இருப்பார்கள் என்று நினைக்கவேண்டாமா?

கொஞ்சம் பொறுங்கள். பெட்டியைத் திறக்கிறேன். அவன் வீட்டு ஆட்கள் வாசலில் நிற்பார்கள். இந்தக் காகிதங்கள் அவர்கள் கண்ணில் பட்டால் நன்றாக இருக்காது. நமக்கென்று ஒரு மரியாதை உண்டே. இதோ, பாங்க் ஆபீசர். இதோ, டாக்டர். எல்லாம் பதினாலும் இருக்கிறதா? இருக்கிறது.

இப்போது பாருங்கள்! மூடிவிட்டது. சத்தமே இல்லாமல் மூடுகிறது. மழை விட்டு மரம் காய்ந்திருக்கும், அதான். அளவு தப்பு என்று நான் சொன்னேன் அல்லவா, வெயிலில் தானாகச் சரியாகிவிட்டது. இனி இதைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கமாட்டான். சரி, புத்தகத்தோடேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

அதோ கோயில் கோபுரம் தெரிகிறது. நான் எழுந்திருக்கிறேன், இந்தப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தால்தான் இறங்க முடியும். நீங்கள் உவரிக்குத்தானே போகிறீர்கள்? அங்கே பஸ் ஸ்டாண்டில் குப்பைத்தொட்டி இருக்கும். இந்தக் காகிதங்களை மட்டும் அதில் போட்டுவிடுங்கள் அம்மா.